அன்சிபிள் கொண்டு சர்வர்களை நிறுவுதலும் பராமரித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்திலிருந்து ஐம்பது சர்வர் வரை ஒன்றிரண்டு பேரே பார்த்துக்கொள்ளும் இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனிக் குழு இருக்கும். சின்ன இடங்களில் எல்லா விவரமும் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கும். அவர் ஊருக்குப் போன நாளில்தான் சர்வர் படுக்கும். அந்த விவரத்தைத் தலையிலிருந்து கோப்புக்கு மாற்றுவதே இங்கே பேசப்படும் வேலை. அதற்கான கருவி அன்சிபிள்: சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதிக் கொடுத்தால், அப்படியே அமைத்துத் தரும் மென்பொருள். உடன் வேலை செய்தவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே.

உள்ளே போய் நாலு கட்டளை அடித்தால் முடிகிற வேலைக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

ஒரு சர்வர் என்றால் ஏற்பாடு தேவையில்லை என்று தோன்றுவது இயல்புதான். இரண்டாவது வரும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் மூன்று வெப் சர்வர்கள் இருந்தன. வாடிக்கையாளர்கள் பெரிய கோப்புகளைப் பதிவேற்றும்போது சில சமயம் போகும், சில சமயம் போகாது. இரண்டு நாள் தேடினோம். அவற்றில் ஓடிய என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் தானாக அனுமதிக்கும் பதிவேற்ற அளவு 1 எம்பி. யாரோ ஒருவர் இரண்டு சர்வர்களில் அதை 20 எம்பி ஆக்கியிருந்தார், மூன்றாவதை விட்டுவிட்டார். அந்த மூன்றாவதில் போய் விழும் கோரிக்கை மட்டும் தோற்றது. கோளாறு எப்போதும் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்போம். மூன்றில் ஒரு முறை வந்ததால்தான் இரண்டு நாள் போனது.

எங்களுக்கு நஷ்டம் இரண்டு நாள்தான். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலுக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது இதே வகைத் தவறு. எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளைப் போட வேண்டியிருந்தது. ஏழில் போட்டார்கள், ஒன்றில் விட்டுப்போனது. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய நிரலை இயக்குவதற்கென வைத்த அடையாளக் குறி, அந்தப் பழைய நிரலை எழுப்பிய அதே குறி. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் கட்டுப்பாடில்லாமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 440 மில்லியன் டாலருக்கு மேல் போனது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் வெளியிட்ட ஆணையில் இரண்டு விஷயங்கள் என்னை உலுக்கின. போட்ட வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் எந்த நடைமுறையும் அங்கே இல்லை. அதைவிட, கோளாறு தெரிந்தபின் பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அவையும் எட்டாவதைப் போலவே நடக்க ஆரம்பித்தன. எட்டு சர்வரிலும் இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்பது ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஷெல் ஸ்க்ரிப்ட் வைத்திருக்கிறேன். போதாதா?

கையால் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது.

"சாம்பாரில் ஒரு கரண்டி உப்பு போடு" என்று வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லிப் பாருங்கள். இருவரும் போட்டால் சாம்பார் கெட்டது. "சாம்பாரில் உப்பு சரியாக இருக்கட்டும்" என்று சொன்னால் இரண்டாவது ஆள் ருசி பார்ப்பார், சரியாக இருந்தால் கையை வைக்க மாட்டார். ஸ்க்ரிப்ட் முதல் வகை. கான்ஃபிக் (அமைப்பு) கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர் என்று எழுதியிருந்தால், மூன்று முறை ஓட்டினால் மூன்று வரி சேரும். அன்சிபிள் போன்ற கருவிகள் இரண்டாவது வகை. "இந்த வரி இந்தக் கோப்பில் இருக்க வேண்டும்" என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இருந்தால் விட்டுவிடும், இல்லையென்றால் சேர்க்கும். நூறு முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். இந்தப் பண்புக்குத் துறையில் ஐடம்பொட்டன்ஸ் என்று பெயர்.

இதனால் கிடைக்கும் பெரிய லாபம் பயமின்மை. பாதியில் நெட்வொர்க் அறுந்தால் மறுபடி ஓட்டலாம். எந்த சர்வரில் எதுவரை ஓடியது என்று கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. அன்சிபிளில் ஒவ்வொரு வகை வேலையையும் செய்யும் தயார் நிரலுக்கு மாட்யூல் என்று பெயர். அதிலும் ஷெல், கமாண்ட் என்ற மாட்யூல்கள் உண்டு. ஸ்க்ரிப்டில் இருந்ததையெல்லாம் அப்படியே அவற்றுக்குள் அள்ளிப்போட்டால், எழுதியது அன்சிபிளின் கோப்பு வடிவமான யாம்லில் ஆனாலும் ஓடுவது பழைய ஸ்க்ரிப்ட்தான். பேக்கேஜ், டெம்ப்ளேட், யூசர், சர்வீஸ் என்று அந்தந்த வேலைக்கென்றே மாட்யூல் இருக்கிறது. அதைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

பப்பெட், செஃப், சால்ட், அன்சிபிள். எதைக் கற்றுக்கொள்வது?

இவற்றுக்கெல்லாம் மூத்தது சிஎஃப்எஞ்சின். நார்வேயின் ஓஸ்லோவில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜஸ், தன் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தொல்லையைக் குறைக்க 1993இல் எழுதியது. எப்படிச் செய்வது என்று சொல்லாமல் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் வழக்கம் பரவியது அதிலிருந்துதான். லூக் கேனிஸின் பப்பெட் 2005இல் வந்தது, செஃப் 2009இல், தாமஸ் ஹாட்சின் சால்ட் 2011இல், மைக்கேல் டிஹானின் அன்சிபிள் 2012இல்.

பப்பெட், செஃப், சால்ட் மூன்றிலும் வழக்கமாக ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற துணை நிரல் ஒன்றை நிறுவுவார்கள். அது ஒரு தலைமைச் சர்வருடன் பேசிக்கொண்டிருக்கும். அன்சிபிளுக்கு ஏஜென்ட் கிடையாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகும், சிறிய பைத்தான் நிரலை அனுப்பி ஓட்டும், வேலை முடிந்ததும் அழித்துவிட்டு வெளியேறும்.

ஐம்பது சர்வருக்குள் இருப்பவர்களுக்கு நான் அன்சிபிளைத்தான் சொல்வேன். ஏஜென்டை நிறுவிப் பராமரிப்பதே தனி வேலை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் பாதுகாப்பு. எப்போதும் விழித்திருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தலைமைச் சர்வர், தாக்குபவர்களுக்கு நல்ல இலக்கு. 2020 ஏப்ரல் இறுதியில் சால்ட்டின் தலைமைச் சர்வரில் கடுமையான ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. திருத்தம் அப்போதே கிடைத்தது. ஆனாலும் சில நாள்களுக்குள் அதைப் போடாதவர்களின் சர்வர்களில் புகுந்துவிட்டார்கள். லீனியேஜ் ஓஎஸ், கோஸ்ட் போன்ற பெயர்பெற்ற திட்டங்களும் தப்பவில்லை.

ஆனால் யாரும் பார்க்காத நேரத்திலும் சர்வர் தானே தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றால் பப்பெட்டின் வழிதான் சிறந்தது. அதன் ஏஜென்ட் அரை மணிக்கு ஒருமுறை தானாக ஓடிச் சரிபார்க்கும். அன்சிபிள், நீங்கள் ஓட்டினால்தான் ஓடும். ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

அன்சிபிளை ரெட் ஹாட் நிறுவனம் வாங்கிவிட்டதே. நாளைக்குக் காசு கேட்டால்?

2015 அக்டோபரில் வாங்கியது. ரெட் ஹாட்டையே ஐபிஎம் 2019இல் வாங்கியது. அன்சிபிளின் நிரல் இன்றும் ஜிபிஎல் உரிமத்தில்தான் இருக்கிறது. யாரும் இறக்கி, படித்து, மாற்றிப் பயன்படுத்தலாம். காசு வாங்குவது நிறுவனங்களுக்கான மென்பொருள் மேடைக்கும் ஆதரவுக்கும். அந்த மேடையின் கட்டற்ற வடிவமான ஏடபிள்யூஎக்ஸ் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

உரிமம் பற்றிக் கவலைப்படுவது நல்ல பழக்கம். கிளவுடில் சர்வர்களை உருவாக்கும் கருவியான டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் கட்டற்ற உரிமத்தைக் கைவிட்டது. உடனே சமூகம் அதைப் பிரித்து ஓபன்டோஃபு என்று வளர்க்கத் தொடங்கியது. பப்பெட்டுக்கும் அப்படியே ஓபன்வாக்ஸ் என்றொரு கிளை வந்திருக்கிறது. நிரல் கட்டற்றதாக இருந்ததால்தான் இந்தப் பிரிவுகள் சாத்தியமாயின.

தொடங்க என்னவெல்லாம் வேண்டும்?

லினக்ஸ் அல்லது மேக் கணினி ஒன்று, அதில் பைத்தான், சர்வர்களுக்குள் சாவி வழியாக நுழையும் எஸ்எஸ்எச் வசதி. சர்வர் பக்கம் பைத்தான் இருந்தால் போதும். விண்டோஸிலிருந்து ஓட்ட விரும்பினால் அதற்குள் இருக்கும் லினக்ஸ் துணை அமைப்பில் ஓட்டலாம். விண்டோஸ் சர்வர்களையும் அவற்றின் தொலைநிர்வாக வசதியான வின்ஆர்எம் வழியாக அன்சிபிள் பார்த்துக்கொள்ளும்.

பிறகு இன்வென்டரி. உங்கள் சர்வர்களின் பெயர்ப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெப் சர்வர்கள் ஒரு குழு, டேட்டாபேஸ் இன்னொன்று. பல இடங்களில் இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்த பிறகுதான் தங்களிடம் எத்தனை சர்வர் இருக்கிறது என்பதே தெரியவரும். யாருக்கும் நினைவில்லாத பழைய சர்வர் ஒன்று எங்காவது ஓடிக்கொண்டிருக்கும்.

இயங்குதளமே இல்லாத புது சர்வரில் அன்சிபிள் வேலை செய்யுமா?

செய்யாது. எஸ்எஸ்எச் வழியாக நுழையும் நிலைக்கு வந்தபின்தான் அதன் வேலை. அதுவரை வேறு கருவிகள். உங்கள் அறையில் இருக்கும் நிஜ சர்வர் என்றால் பிஎக்ஸ்இ வழியாக நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்து, ரெட் ஹாட் குடும்பத்துக்குக் கிக்ஸ்டார்ட், டெபியனுக்கு ப்ரீசீட் கோப்பு கொடுத்தால், நிறுவும்போது கேட்கும் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிக்கொள்ளும். கிளவுட் என்றால் டெர்ராஃபார்ம் அல்லது ஓபன்டோஃபு சர்வரை உருவாக்கும். முதல் பூட்டிலேயே கிளவுட்-இனிட் பயனரையும் சாவியையும் போட்டுவிடும். வீடு கட்டுவது அவர்கள் வேலை, குடிபுகுந்து சாமான் அடுக்குவது அன்சிபிளின் வேலை.

முதல் ப்ளேபுக்கில் என்ன எழுதலாம்?

அன்சிபிளுக்கு வேலைகளை எழுதித் தரும் கோப்புதான் ப்ளேபுக். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க், ஒரு சர்வர் குழுவுக்கான டாஸ்க்குகளின் தொகுப்பு ஒரு ப்ளே. சின்னதாகத் தொடங்குங்கள். உங்கள் முழு அப்ளிகேஷனையும் முதல் வாரத்திலேயே ப்ளேபுக்காக்க முயன்றவர்கள் பலர் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான் எப்போதும் கொடுக்கும் முதல் வேலை நேரம். எல்லா சர்வரிலும் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் க்ரோனி நிறுவப்பட்டு ஓட வேண்டும், நேர மண்டலம் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். தவறினாலும் பெரிய சேதம் வராது. ஆனால் ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் லாக் எழுதிக்கொண்டிருந்தால், நள்ளிரவில் கோளாறைத் தேடும்போது மனதுக்குள் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொல்லை முதல் நாளே தீரும்.

அடுத்தது பயனர்களும் எஸ்எஸ்எச் சாவிகளும். வேலையை விட்டுப்போனவரின் சாவி எத்தனை சர்வரில் இன்னும் இருக்கிறது என்று பாருங்கள். ப்ளேபுக்கில் அவர் பெயரை "இருக்கக் கூடாது" என்று மாற்றி ஓட்டினால் எல்லா இடத்திலும் போய்விடும். பேச்சில்லாமல் நிர்வாகத்தை நம்பவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

யாம்ல் எழுதும்போது அடிக்கடி தவறுகிறதே?

உள்தள்ளலுக்கு டேப் கூடாது, இடைவெளிதான். இது எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்வது. அதைவிட ஆபத்தானவை, பிழை என்று திரையில் காட்டாமலே தவறாக ஓடுபவை.

ஒன்று, "நோ" என்ற சொல். எஸ்எஸ்எச் வழியாக ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) நுழையக் கூடாது என்று மாறி (வேரியபிள்) ஒன்றுக்கு மேற்கோள் இல்லாமல் நோ என்று மதிப்புக் கொடுக்கிறீர்கள். யாம்ல் அதைச் சொல்லாகப் பார்க்காது. பொய் என்ற தர்க்க மதிப்பாக எடுத்துக்கொள்ளும். டெம்ப்ளேட் வழியாகக் கோப்பில் போய் விழும்போது அது "ஃபால்ஸ்" ஆகிவிடும். எஸ்எஸ்எச் சேவைக்கு அந்தச் சொல் புரியாது, அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு அது எழுந்திருக்காது. பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதைதான். மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

இரண்டு, கோப்பு அனுமதி, அதாவது யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் எண். 0644 என்பதற்குப் பதில் மேற்கோள் இல்லாமல் 644 என்று எழுதினால் அதை எட்டடிமான எண்ணாக எடுக்காது. பத்தடிமான 644 என்பது எட்டடிமானத்தில் 1204. கோப்பின் சொந்தக்காரருக்கே படிக்கும் உரிமை இல்லாமல் போய், ஊரார் மட்டும் படிக்கலாம் என்றாகும்.

எஸ்எஸ்எச், சூடோ, என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் கோப்புகளை மாற்றும் டாஸ்க்குகளில் வேலிடேட் என்ற வசதியைக் கட்டாயம் சேருங்கள். புதிய கோப்பைத் தனியாகச் சோதித்து, சரியென்றால்தான் பழையதன் இடத்தில் வைக்கும். என்னைப் பல முறை காப்பாற்றியது.

கான்ஃபிக் மாறிவிட்டது, ப்ளேபுக்கும் பச்சை காட்டுகிறது, ஆனால் சேவை பழைய அமைப்பிலேயே ஓடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஏற்கெனவே அரை நாள் தொலைத்திருப்பார். அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

கான்ஃபிக் மாறினால் மட்டும் சேவையை மறுதொடக்கம் செய்ய ஹேண்ட்லர் என்று ஒன்றை எழுதுவோம். டாஸ்க் "மாற்றினேன்" என்று சொன்னால் ஹேண்ட்லருக்குத் தகவல் போகும். ஆனால் அது உடனே ஓடாது. அந்தப் ப்ளேயின் மற்ற டாஸ்க்குகளெல்லாம் முடிந்தபின் கடைசியில்தான் ஓடும்.

இப்போது மூன்றாவது டாஸ்க் கான்ஃபிக்கை மாற்றியது, ஏழாவது டாஸ்க் வேறு ஏதோ காரணத்தால் தோற்றது என்று வையுங்கள். அந்த சர்வரில் ஓட்டம் அங்கேயே நிற்கும், ஹேண்ட்லர் ஓடாது. நீங்கள் ஏழாவதைச் சரிசெய்து மறுபடி ஓட்டுகிறீர்கள். மூன்றாவது டாஸ்க் பார்க்கிறது: கோப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது, மாற்ற ஒன்றுமில்லை. ஆகவே ஹேண்ட்லருக்குத் தகவல் இல்லை. எல்லாம் பச்சை. கோப்பு புதியது, நினைவகத்தில் ஓடுவது பழையது. இரண்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக சர்வர் ரீபூட் ஆகும்போதுதான் புதிய கான்ஃபிக் உயிர்பெறும். அன்றைக்கு அது உடைந்தால், காரணம் யாருக்கும் புரியாது.

தீர்வுகள் உண்டு. தோற்றாலும் ஹேண்ட்லர்களை ஓட்டு என்று சொல்லும் ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் அமைப்பு ஒன்று. முக்கியமான மாற்றத்துக்கு அடுத்தபடியாக, காத்திருக்கும் ஹேண்ட்லர்களை அப்போதே ஓட்டச் சொல்லும் ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் இன்னொன்று. ப்ளேக்களைச் சிறியதாக வைப்பது மூன்றாவது. நான் பெரும்பாலும் செய்வது இதுதான்.

ஒரே தவறு ஒரே நொடியில் எல்லா சர்வரிலும் போய்விடாதா?

போய்விடும். இந்தக் கருவிகளைப் பற்றி எழுப்பக்கூடிய மிக நியாயமான கவலை இது.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை வட வர்ஜீனியாவில் மணிக்கணக்கில் முடங்கியது. பில்லிங் தொடர்பான துணை அமைப்பு ஒன்றிலிருந்து சில சர்வர்களை மட்டும் விலக்க, வழக்கமான நடைமுறைப்படி ஊழியர் ஒருவர் கட்டளை கொடுத்தார். உள்ளீட்டில் ஒரு பிழை. நினைத்ததைவிட அதிக சர்வர்கள் விலக்கப்பட்டன. அதன்பின் அமேசான் கருவியைத்தான் திருத்தியது: மெதுவாகத்தான் விலக்கும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகவிடாது.

அதே வேலிகளை நீங்களும் போடலாம். சீரியல் என்று அமைத்தால் முதலில் ஒரு சர்வர், பிறகு இரண்டு, பிறகு மிச்சம் என்று படிப்படியாகப் போகும். தோல்வி இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்து என்றும் சொல்லலாம். ஓட்டும்முன் செக், டிஃப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எதையும் தொடாமல், எந்தக் கோப்பில் எந்த வரி மாறும் என்று காட்டும். ஆனால் ஷெல், கமாண்ட் டாஸ்க்குகளை அந்த ஒத்திகையில் தாண்டிப்போய்விடும். அதனால் ஒத்திகை பச்சையாக இருப்பதை முழு உத்தரவாதமாக எடுக்காதீர்கள். லிமிட் கொடுத்து ஒரே ஒரு சர்வரில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

அன்சிபிள் வால்ட்டில். ஏஇஎஸ் 256 முறையில் பூட்டிய கோப்பாக, கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டிலேயே வைக்கலாம். பூட்டாத கடவுச்சொல் ஒருமுறை கிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி நடந்தால் அந்தக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். கடவுச்சொல்லைத் தொடும் டாஸ்க்குகளுக்கு நோ லாக் போட மறக்க வேண்டாம். இல்லையென்றால் திரையிலும் லாகிலும் அது பளிச்சென்று தெரியும்.

அன்சிபிள் ஓடும் கணினியிடம்தான் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது. அதில் வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள்.

மெதுவாக ஓடுகிறதே?

ஒரே நேரத்தில் ஐந்து சர்வர்களைத்தான் அன்சிபிள் தானாகத் தொடும். ஃபோர்க்ஸ் எண்ணிக்கையை 20, 30 என்று உயர்த்துங்கள். எஸ்எஸ்எச் வழியான போக்குவரத்தைக் குறைக்கும் பைப்லைனிங்கை இயக்குங்கள். சர்வரின் விவரங்கள் தேவைப்படாத ப்ளேக்களில் ஃபேக்ட்ஸ் சேகரிப்பதை நிறுத்துங்கள். பெரும்பாலும் இவ்வளவிலேயே வித்தியாசம் தெரியும்.

யார், எப்படி அமைத்தார்கள் என்றே தெரியாத பழைய சர்வரை எப்படி இதற்குள் கொண்டுவருவது?

பொறுமையாக, ஒவ்வொரு சேவையாக. முதலில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். திருத்தும் ஆசையை அடக்குங்கள். இப்போதுள்ள கான்ஃபிக் கோப்பை எடுத்து ப்ளேபுக்கில் வைத்து, செக், டிஃப் கொடுத்து ஓட்டுங்கள். மாற்றம் எதுவும் இல்லை என்று வரும்வரை ப்ளேபுக்கைத்தான் திருத்த வேண்டும், சர்வரைத் தொடக் கூடாது. பூஜ்யம் வந்ததும் கிட்டில் சேருங்கள். அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது, ஏன் செய்தார் என்ற குறிப்போடு இருக்கும்.

வழியில் புரியாத வரிகள் வரும். யாரோ ஒருவர் ஒரு இரவில் எதையோ காப்பாற்றச் சேர்த்த வரியாக இருக்கலாம். காரணம் தெரியும்வரை நீக்காதீர்கள். தெரிந்ததும் மேலே ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

எழுதி முடித்தபின், அதே ப்ளேபுக்கை ஒரு வெற்று சர்வரில் ஓட்டி, பழையதைப் போலவே எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். அது நிற்கும் நாளில்தான் பழைய சர்வரின் டிஸ்க் போய்விடுமோ என்ற பயம் விலகும். தரவுக்கு பேக்கப் வேறு வேண்டும். ப்ளேபுக் அதற்கு மாற்று இல்லை.

நேற்று இரவு அவசரத்தில் ஒரு சர்வரில் கையால் மாற்றம் செய்துவிட்டேன். தவறா?

சேவை விழுந்து கிடக்கும்போது எழுப்பியதில் தவறில்லை. ஆனால் அந்த மாற்றம் ப்ளேபுக்கில் ஏறவில்லையென்றால், அடுத்த முறை யாராவது ஓட்டும்போது அன்சிபிள் அதைக் கடமையாக அழித்துவிடும். நேற்றைய கோளாறு பகலில், எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் திரும்ப வரும். இப்போதே அந்த சர்வரை மட்டும் லிமிட் செய்து, செக், டிஃப் கொடுத்து ஓட்டுங்கள். நேற்று நீங்கள் மாற்றிய வரி சிவப்பில் தெரியும். அதை ப்ளேபுக்கில் சேருங்கள், குறிப்பில் காரணத்தை எழுதுங்கள், பிறகு மற்ற சர்வர்களுக்கும் அனுப்புங்கள். பத்து நிமிட வேலை. காப்பி குடித்துவிட்டுச் செய்யலாம், ஆனால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.